மூக்கில் செருகிய இறகு

அடைக்கு வந்த கோழியைத் தெளிவிக்க நம் கிராமங்களில் ஒரு பழைய வழி உண்டு. அதன் இறகு ஒன்றையே பிடுங்கி, ஒரு மூக்குத் துளையில் விட்டு மறு துளை வழியாக இழுத்து, அப்படியே விட்டுவிடுவார்கள். கோழி தலையை உதறும், காலால் பிறாண்டும், இறகை எடுத்துவிடப் பார்த்தபடியே வாசலுக்கும் வேலிக்குமாக அலையும். அந்த அலைச்சலில் கூட்டுக்குப் போய் உட்காருவது விட்டுப்போகும். சில வீடுகளில் தண்ணீரில் முக்கி எடுப்பார்கள், சில வீடுகளில் காலில் கயிற்றைக் கட்டி வெளியில் விடுவார்கள். நோக்கம் ஒன்றுதான்: உட்கார நினைக்கும் கோழி உட்காரக் கூடாது, மறுபடி முட்டையிட வேண்டும். இதில் உயிர்ச்சேதம் இல்லை. கோழியை அறுத்துக் குழம்பு வைப்பதற்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை. அப்படியிருந்தும், அறுப்பதைப் பற்றி வராத உறுத்தல் இந்த இறகைப் பற்றி வருகிறது. கொல்வதைவிடக் குறுக்கே நிற்பது கொடுமையாகத் தோன்றுவதற்கு நியாயம் ஏதும் இருக்கிறதா, அல்லது இது வெறும் மனப்பிரமையா என்று பார்க்க விரும்புகிறேன்.

கொங்கு நாட்டுத் தோட்டத்துச் சாளை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூன்று நான்கு ஏக்கர் நிலம், ஒரு கிணறு, இரண்டு மாடு, பத்துப் பன்னிரண்டு கோழி, ஒரு நாய். அங்கே பயிருக்குப் பட்டம் இருப்பதுபோலக் கோழிக்கும் பட்டம் உண்டு. ஐப்பசி கார்த்திகை மழையில் பொரித்த குஞ்சு ஈரத்திலும் குளிரிலும் விறைத்துப் போகும். சித்திரை வைகாசி வெயிலில் வைத்த முட்டையில் பாதி கூழாகிவிடும். போதாததற்கு, கோடையில் வெள்ளைக் கழிச்சல் புகுந்துவிட்டால் இரண்டு நாளில் தோட்டமே வெறிச்சென்று ஆகிவிடும். களத்தில் தானியம் சிந்திக் கிடக்கிற, மண்ணில் பூச்சியும் கரையானும் கிடைக்கிற தையும் மாசியும்தான் அடை வைக்கத் தோதான காலம். கூடையில் மணலோ வைக்கோலோ பரப்பி, பத்துப் பன்னிரண்டு முட்டைகளை வைத்து, ஓரத்தில் ஓர் இரும்புத் துண்டையும் அடுப்புக்கரியையும் காய்ந்த மிளகாயையும் போட்டுவைப்பார்கள், இடி இடித்தால் முட்டை கெட்டுவிடக் கூடாதென்று. இரும்பு இடியைத் தடுக்குமா என்பது இருக்கட்டும். இத்தனை கவலையோடு ஒரு கோழியை உட்கார வைக்கிற அதே கைதான், வேறொரு மாதத்தில், வேறொரு கோழியின் மூக்கில் இறகைச் செருகுகிறது. தங்கள் தேவைக்கு ஏற்றபடி உட்கார வைக்கிறார்கள், எழுப்பியும் விடுகிறார்கள் என்று சொல்லி இதை முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை.

அடை என்பது கோழிக்கு என்ன என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நாட்டுக்கோழி ஓர் ஈட்டுக்குப் பத்து முதல் பதினைந்து முட்டையிடும். பிறகு அதன் உடம்பே மாறுகிறது. புரோலாக்டின் என்னும் சுரப்பு ஏறுகிறது, முட்டையிடுவது நிற்கிறது, வயிற்றுப் பக்கத்து இறகு உதிர்ந்து வெறும் தோல் முட்டையின் மேல் படிகிறது. 21 நாள், ஒரு நாளில் ஏதோ ஒரு வேளை இறங்கி அவசரமாக இரை பொறுக்கித் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்ப ஏறி உட்காருகிறது. முட்டைகளை அலகால் புரட்டிக் கொடுக்கிறது. பொரிப்பதற்கு முன்பே ஓட்டுக்குள்ளிருந்து குஞ்சு குரல் கொடுக்கும். தாய் பதில் குரல் கொடுக்கும். வளர்ந்த கோழி வேறு எந்தக் காலத்திலும் இப்படி இருப்பதில்லை. இரைக்கும் பயத்துக்கும் நடுவில் ஓடிக்கொண்டே இருக்கிற அந்தப் பறவை, பசியையும் பயத்தையும் ஒதுக்கிவைத்து, தானாக ஒன்றைச் செய்து முடிக்கிற காலம் இது ஒன்றுதான். வளர்த்துத் தின்னப்போகிற உயிருக்கு நாம் பட்டிருக்கும் கடன் நீண்ட ஆயுள் அல்ல, அதன் பருவம் என்றே எனக்குப் படுகிறது. காட்டில் அதற்கு நீண்ட ஆயுள் யாரும் தரப்போவதில்லை. கீரியும் மரநாயும் வல்லூறும் இருக்கின்றன. ஆனால் காட்டில் அது அடை உட்காருவதைத் தவறென்று சொல்லி எழுப்புகிற கை கிடையாது.

இதற்கு முதல் மறுப்பு வீட்டுக்குள்ளிருந்தே வரும், அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. முட்டைக் காசு பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்ணின் காசு. பால் காசும் விளைச்சல் காசும் ஆண் கையில் போய்ச் சேரும்போது, கேள்வி கேட்காமல் அவள் முந்தானையில் முடிந்துகொள்வது இது ஒன்றுதான். கோழி 21 நாள் உட்கார்ந்து, பிறகு இரண்டு மாதம் குஞ்சோடு திரிந்தால் ஒரு முழு ஈடு முட்டை போய்விடும். நாட்டுக்கோழி ஆண்டுக்கு இடுவதே அறுபது எழுபது முட்டை என்னும்போது அந்த ஓர் ஈடு சின்ன விஷயமல்ல. பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்காக இறகைச் செருகுகிறவளிடம் போய்க் கோழியின் பருவத்தைப் பற்றிப் பேச யாருக்கு உரிமை இருக்கிறது? உண்மைதான். அவளைக் குறை சொல்வது என் எண்ணமல்ல. ஆனால் அவளே எல்லாக் கோழியையும் எல்லா முறையும் எழுப்புவதில்லை என்பதையும் பார்க்க வேண்டும். தையில் உட்கார வைக்கிறாள், ஐப்பசியில் எழுப்புகிறாள். ஐப்பசியில் எழுப்புவதில் குஞ்சுகளின் நன்மையும் கலந்திருக்கிறது. உட்கார வைப்பதும் லாபத்துக்குத்தானே என்றால், ஆமாம், லாபத்துக்குத்தான். நோக்கம் எதுவானாலும் தையில் உட்கார்ந்த கோழிக்கு அதன் 21 நாள் கிடைத்துவிடுகிறது. கடனைத் திருப்பிக் கொடுப்பவர் மனதார விரும்பித்தான் கொடுக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

இரண்டாவது மறுப்புதான் என்னை நிலைகுலைய வைக்கிறது. இறகு தேவைப்படாத கோழிகள் இப்போது இருக்கின்றன. நாமக்கல் பண்ணைகளில் ஆண்டுக்கு முந்நூறு முட்டையிடும் வெள்ளைக் கோழிகளின் மூதாதையான லெகார்ன் இனத்தில், தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்துப் பெருக்கியதில், அடைக்கு வரும் குணமே ஏறக்குறைய மறைந்துவிட்டது. புறக்கடையில் வளர்ப்பதற்கென்று உருவாக்கிய வனராஜா போன்ற இனங்களும் அடைக்கு வருவது அரிது. குஞ்சு பொரிப்பகத்திலிருந்து பெட்டியில் வருகிறது. 2019-ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டின் புறக்கடைக் கோழிகள் ஏறத்தாழ 31.7 கோடி, 2012-ஐவிட ஏறக்குறைய 46 விழுக்காடு கூடுதல். வீட்டுக்கோழி அழிந்துகொண்டிருக்கிறது என்ற நம் பொதுவான புலம்பல் அப்படியே சரியல்ல என்று இது காட்டுகிறது. வாசலில் மேயும் கோழி பெருகியிருக்கிறது. ஆனால் அந்தப் பெருக்கத்துக்குள் அடை உட்காரும் கோழிக்கு இருக்கும் இடம் முன்போல் இல்லை. இப்போது கேள்வியை இப்படி வைத்துப் பார்க்கலாம்: விருப்பத்தை வைத்துக்கொண்டு அதைத் தடுப்பது கொடுமையா, விருப்பமே இல்லாமல் பிறக்கச் செய்வது கொடுமையா? உட்கார ஆசைப்படாத கோழியின் மூக்கில் யாரும் எதையும் செருக வேண்டியதில்லை. அதற்கு ஏக்கம் இல்லை, அலைச்சல் இல்லை. கூண்டில் அடைத்திருப்பது தனிக் கொடுமை. வாசலில் தாராளமாக மேய்கிற, அடைக்கு வராத கோழியைப் பற்றிக் கேட்கிறேன். அதனிடமிருந்து ஏதோ பறிபோயிருக்கிறது என்று சொல்ல வாய் வருகிறது. யாரிடமிருந்து என்று கேட்டால், பறிகொடுத்தவர் என்று காட்ட ஒரு கோழியும் இல்லை.

இங்கேதான் நாய் வந்து சேருகிறது. விருப்பத்தை மாற்றிவிடுவது தப்பென்றால் அதே வாசலில் படுத்திருக்கும் நாயைப் பற்றி என்ன சொல்வது? குஞ்சுகள் அதன் வாலைத் தாண்டிப் போகின்றன, கோழி அடைக்கும் கொடாப்புக்குப் பக்கத்திலேயே இரவெல்லாம் கிடக்கிறது, கீரி நடமாட்டம் தெரிந்தால் எழுந்து குரைக்கிறது. ஓநாயின் வழியில் வந்த உயிர் அது. கோழியைப் பிடிப்பதுதான் அதன் ரத்தத்தில் இருந்த பருவம். ஜெர்மனியின் பான் நகருக்கு அருகே மனிதர்களோடு சேர்த்துப் புதைக்கப்பட்ட நாயின் எலும்பு கிடைத்திருக்கிறது, ஏறத்தாழ 14,000 ஆண்டு பழையது. அத்தனை காலமாக நாம் அந்த விலங்கின் ஆசைகளை வெட்டியும் வளைத்தும் வந்திருக்கிறோம், அதற்கு நன்றி என்றும் விசுவாசம் என்றும் பெயர் வைத்துப் புகழ்கிறோம். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்ற நாய் தன் பெயரோடு அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது: கோவிவன். கோழியின் அடையைப் போக்கியவர்களைக் குற்றம் சொல்லிக்கொண்டே இந்தக் கல்லை வணங்க முடியுமா? முடியும் என்பதுதான் என் பதில், ஆனால் முழு நிச்சயத்தோடு சொல்லவில்லை. நாயிடம் ஓர் ஆசையைக் குறைத்தபோது இன்னோர் ஆசை வளர்ந்திருக்கிறது. மனிதனின் பக்கத்தில் இருப்பதை அது உண்மையாகவே விரும்புகிறது, அதன் வாழ்க்கை அதனால் விரிந்திருக்கிறது. கோழியிடம் அடையை எடுத்த இடத்தில் எதுவும் வைக்கப்படவில்லை. அதற்காக நாய்க்கு நாம் செய்தது முழு நியாயம் என்றும் சொல்ல முடியாது. மழைக்குப் பின் பனிக்காலத்தில் அது ஈனும் குட்டிகளில் கடுவன்களைக் கேட்டு வாங்கிப் போகிறார்கள். பொட்டைக் குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தை ஓரத்தில் விட்டுவிட்டு வருகிறவர்களும் உண்டு. நாயின் பருவத்தையும் நாம் மதிக்கவில்லை.

கோழி மட்டும் எப்படி நம்மிடம் வந்தது என்று யோசிக்கும்போது இன்னொரு குழப்பம். நாயோடு ஒப்பிட்டால் அது நேற்று வந்தது. தென்கிழக்கு ஆசியாவில் நெல்லும் தினைவகைகளும் விதைத்த இடங்களுக்குச் சிந்திய தானியம் தேடிக் காட்டுக்கோழி வந்து பழகியிருக்கலாம், அது நடந்து மூவாயிரத்தைந்நூறு ஆண்டுதான் ஆகிறது என்று அண்மைக்கால ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நம் மலைக்கும் அதில் பங்கு உண்டு. பல கோழிகளின் மஞ்சள் தோலுக்கும் காலுக்கும் காரணமான மரபணு, மேற்குத் தொடர்ச்சி மலையில் இன்றும் திரியும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-இல் தெரியவந்தது. பட்டினப்பாலையில் காயும் தானியத்தைக் கொத்த வந்த கோழியைக் காவிரிப்பூம்பட்டினத்துப் பெண்கள் காதுக் குழையைக் கழற்றி எறிந்து விரட்டுகிறார்கள். செல்வச் செழிப்பைக் காட்ட வந்த காட்சி என்றுதான் அதை விளக்குவார்கள். எனக்கு அதில் கோழிதான் தெரிகிறது: தானியத்துக்காகவே வந்தது, தானியத்துக்காகவே விரட்டப்படுகிறது. நாம் அதைப் பிடித்துக் கட்டவில்லை, அதுவாக வந்தது, ஆகவே கடன் ஏதும் இல்லை என்று இதிலிருந்து வாதம் செய்யலாம். அந்த வாதம் நிற்காது. தானியம் தின்ன வந்த பறவை தன் அடையை விலையாகக் கொடுக்க ஒப்பி வரவில்லை. வாசலுக்கு வந்தபோதும் அது கொண்டுவந்தது தன் முழுப் பருவத்தைத்தான்.

ஆகவே நாட்டுக்கோழி வைத்திருக்கும் வீட்டைப் பொறுத்தவரை எனக்குத் தெளிவு இருக்கிறது. ஆண்டுக்கு ஓர் அடையாவது ஒவ்வொரு பெட்டைக்கும் விட்டுக்கொடுக்க வேண்டும், தையிலோ மாசியிலோ. மற்ற ஈட்டு முட்டைகளை எடுத்துக்கொள்ளட்டும், வயதானால் அறுத்துக்கொள்ளட்டும். இது எட்டாத தர்மம் அல்ல. பெரும்பாலான தோட்டங்கள் இதை யாரும் சொல்லாமலேயே செய்துவந்தவைதான். அடைக்கு வராத கோழியை வைத்திருக்கும் வீட்டுக்கு என்ன கடன் என்பதில்தான் தடுமாறுகிறேன். அந்தக் கோழி கேட்காத ஒன்றை அதற்காகக் கேட்பது நான் என் ஆசையை அதன்மேல் ஏற்றுவதாக இருக்கலாம். இறகு செருகுகிற கையாவது கோழிக்கு ஒரு விருப்பம் இருக்கிறது என்று ஒத்துக்கொள்கிறது, ஒத்துக்கொண்டுதான் தடுக்கிறது என்று ஒரு நேரம் தோன்றுகிறது. மூக்கில் இறகோடு அலையும் கோழியிடம் இந்த வேறுபாட்டைச் சொல்லி என்ன ஆகும் என்று மறு நேரம் தோன்றுகிறது. இரண்டில் எது சரி என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.