சொல்லாமை பொய்யாகுமா?

2021ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் பெருகிய வெள்ளம் சிலாங்கூரின் பல பகுதிகளை மூழ்கடித்தது. அவ்வாண்டின் இறுதியிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும் மலேசியா முழுவதும் நேர்ந்த வெள்ள இழப்பு 610 கோடி ரிங்கிட் எனவும், அதில் வாகன இழப்பு மட்டும் ஏறத்தாழ 100 கோடி எனவும் புள்ளியியல் துறை கணக்கிட்டது.

செம்பனை சூழ்ந்த ஜெஞ்சாரோம் போன்ற ஊர்களில், மக்கள் 'ஃபோர்வீல்' என வழங்கும் வண்டி ஆடம்பரப் பொருளன்று. குலை ஏற்றவும் சேற்றுப் பாதையைக் கடக்கவும் அதுவே துணை. உயரமான வண்டிக்கு வெள்ளம் ஒரு பொருட்டன்று என்னும் நம்பிக்கையே பலரைக் கெடுத்துவிடுகிறது. காற்றுக் குழாய் வழியே எந்திரத்துள் நீர் புகுந்தால் தண்டுகள் வளைந்துவிடும். ஏனெனில் காற்றைப் போல நீர் அழுத்தத்திற்குச் சுருங்காது. சேற்றைக் கழுவித் துடைத்தபின் வண்டி புதியது போலவே நிற்கும். மின்கம்பி இணைப்புகளில் ஏறும் துருவோ திங்கள் பல கழித்தே தன்னைக் காட்டும்.

வழக்கமான முழுக் காப்புறுதி வெள்ளச் சேதத்தை ஏற்பதில்லை. அதற்கெனத் தனிக் கட்டணம் செலுத்தியிருக்க வேண்டும். செலுத்தாதவர் என் செய்வார்? வங்கிக் கடனோ தீர்ந்தபாடில்லை. இரு வழிகள் அவரை அழைக்கின்றன. வெள்ளத்தில் கெட்டதை விபத்தில் கெட்டதாகக் காட்டிக் காப்புறுதிப் பணம் கோருவது ஒன்று. அது பொய், வாதிட ஒன்றுமில்லை. வாயே திறவாமல் வண்டியை விற்றுவிடுவது மற்றொன்று. வினா இங்கேதான் எழுகின்றது.

மலேசிய ஒப்பந்தச் சட்டம் (1950), தன் 17ஆம் பிரிவில், பேச வேண்டிய கடமை இருந்தாலன்றி வெறும் மௌனம் மோசடியாகாது என்கிறது. அதற்கு அது தரும் எடுத்துக்காட்டு சுவையானது. குறையுள்ள குதிரையை ஏலத்தில் விற்பவர் அக்குறையைச் சொல்லாவிடினும் மோசடி செய்தவராகார். ஆனால் வாங்குபவள் அண்மையில்தான் உரிய வயதை எட்டிய அவருடைய மகளாயின், சொல்லும் கடமை அவர்மீது ஏறுகின்றது.

மகளுக்கு மட்டும் ஏன் இச்சலுகை? அவள் தந்தையை நம்புகிறாள்; தானே ஆராய்ந்து தெளியும் பட்டறிவும் அவளுக்கு இல்லை. ஏலத்திற்கு வருபவரோ குதிரையின் பல்லைப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். இருக்கைக்கு அடியில் துருவேறும் கம்பியை எவர் பார்ப்பது? முதன்முதலாகப் பழைய வண்டி வாங்க வரும் தோட்டத்து இளைஞன், உறவால் அயலானாயினும், நிலையால் அந்த மகளே அன்றோ! சட்டம் அவனை அயலானென்றே விட்டுவிடலாம், அறம் விடாது. பிறர்க்குத் தீங்கு தராத பேச்சே வாய்மை என்று வள்ளுவர் இலக்கணம் வகுத்தார். தீங்கே அளவுகோலாயின், தீங்கு தரும் மௌனத்தை அதன் எல்லைக்குப் புறத்தே நிறுத்துவது எங்ஙனம்?

'இழப்பை நான் மட்டும் சுமப்பதா?' என்று உடையவர் கேட்கக்கூடும். கேள்வியில் வேதனை உண்டு. அதனை எள்ளுவது தகாது. ஆயினும் உண்மையைச் சொல்லி விற்றாலும் அவ்வண்டிக்கு ஒரு விலை உண்டு. உதிரிப் பாகங்களுக்காகப் பட்டறைக்காரர் வாங்குவார். பழுதுபார்க்கத் தெரிந்தவர் விலை குறைத்துக் கேட்பார். மௌனம் ஈட்டித் தருவது அந்த விலைக்கு மேற்பட்ட தொகையை மட்டுமே. அத்தொகையை வெள்ளம் கொண்டுபோகவில்லை. அது வாங்குபவனின் பையிலிருந்து வருகின்றது. பின்னொரு நாள் நெடுஞ்சாலையில் வண்டியின் விளக்குகள் திடீரென அணையுமாயின், அதனுள் அமர்ந்திருக்கும் அவன் மனைவியும் குழந்தையும் விலை பேசியபோது அங்கே இருந்தவர்களும் அல்லர்.