மடி ஒன்று, மழலை இரண்டு



குழந்தைச் செல்வம் வல்ல அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்திருக்கும் அமானிதம். அதற்குரிய கணக்கு நாளை மறுமையில் தாயிடம் மட்டுமா கேட்கப்படும்? இரண்டு வயதுப் பிள்ளையும் கைக்குழந்தையுமாக இருக்கும் வீட்டில் இந்த அமானிதத்தைச் சுமப்பது யார் என்பதை இம்மாதம் சற்றுச் சிந்திப்போம்.

நம் பக்கத்து வழக்கத்தையே எடுத்துக்கொள்வோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து இராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்ட பெண், இரண்டாவது பேறுகாலத்திற்குத் தாய்வீடு போகிறாள். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரந்தான். நாற்பது கழிந்து கைக்குழந்தையோடு திரும்புகிறாள். அதுவரை அம்மாவின் மடியைத் தனியாக ஆண்டுவந்த மூத்த பிள்ளைக்கு அன்று முதல் அங்கே இடமில்லை. அது காரணமின்றி அழுகிறது, தம்பியைக் கிள்ளுகிறது, மறந்திருந்த பழக்கம் திரும்பிப் பாயை நனைக்கிறது. “பொறாமை பிடித்த பிள்ளை” என்று பெரியவர்கள் ஏசுகிறார்கள். தன் துயரத்தைச் சொல்ல அந்தப் பிள்ளைக்கு வாய் ஏது? மூன்று வயது நிரம்பாத அதுவும் குழந்தைதானே!

தாயின் நிலையைப் பாருங்கள். பிறந்த குழந்தைக்கு ஒரு நாளில் 8 முதல் 12 தடவை பாலூட்ட வேண்டும். முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும் என்றும், பிறகு மற்ற உணவுடன் 2 வயதும் அதற்கு மேலும் தொடரலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயம் 233-வது வசனம் பாலூட்டலை நிறைவுசெய்ய விரும்புவோருக்கு முழு இரண்டு ஆண்டுகள் என்று வரையறுக்கிறது. அதே வசனம் அந்தத் தாயின் உணவையும் உடையையும் தந்தையின் பொறுப்பில் வைக்கிறது. குழந்தையின் பொருட்டுத் தாய்க்குத் துன்பம் நேரலாகாது என்கிறது. பால் மறக்கச் செய்வதைக்கூட இருவரும் கலந்து பேசி, மனமொத்துச் செய்யச் சொல்கிறது. பிள்ளை வளர்ப்பைப் பெண்ணின் தலையில் மட்டும் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ள நமக்கு வழி எங்கே இருக்கிறது?

நம் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வைப் பாருங்கள். தம் மகளார் ஜைனப் (ரலி) அவர்களின் குழந்தை உமாமாவைத் தோளில் சுமந்தபடியே அவர்கள் தொழுகை நடத்தினார்கள். குனியும்போது இறக்கி வைப்பார்கள். எழும்போது மீண்டும் தூக்கிக்கொள்வார்கள். புகாரீயிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி இது. அந்தக் குழந்தையை வாங்கி வைத்துக்கொள்ள அங்கே வேறு கைகளே இல்லையா? இருந்தும் தாமே சுமந்தார்கள். தொழுகையை நீட்ட எண்ணி நின்றவர்கள், ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டால் அதன் தாயின் தவிப்பை எண்ணிச் சுருக்கிக்கொள்வார்கள்.

“நான் மில்லில் ஷிஃப்டு பார்த்துவிட்டு வருகிறேன், வீட்டிலும் வேலையா?” என்று கேட்கும் அத்தாமார்கள் உண்டு. 1936-இல் இராஜபாளையம் மில்ஸ் தொடங்கப்பட்ட ஊர் இது. இரவு ஷிஃப்டின் அலுப்பை நாம் அறியாதவர்கள் அல்லர். ஆனால், நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, வீட்டாருக்குப் பணிவிடை செய்வார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்றுதான் ஆயிஷா (ரலி) அவர்கள் சொன்னார்கள். ஒரு சமுதாயத்தையே நடத்திச் சென்றவர்களுக்கு இல்லாத அலுப்பா நமக்கு?

ஆகவே, அத்தாமார்களே! வீடு திரும்பியதும் முதலில் மூத்த பிள்ளையைத் தூக்குங்கள். அதன் கையில் செல்போனைக் கொடுத்து அடக்குவதைவிட, தெருமுனை வரை தோளில் வைத்து நடந்து வாருங்கள். பால்கோவா வாங்கி வந்தால் அதன் கையில் முதலில் கொடுங்கள். பால்குடிக் குழந்தைக்கு அது வேண்டியதில்லை. பிள்ளைகளிடையே நீதியாக நடந்துகொள்ளும்படி நுஃமான் (ரலி) அவர்களின் தந்தைக்கு நாயகம் (ஸல்) அவர்கள் இட்ட கட்டளை கொஞ்சலுக்கும் முத்தத்திற்கும் பொருந்தாதா?

இன்னொன்றும் உண்டு. பாங்கு சொன்னதும் நாம் பள்ளிக்குப் போய்விடுகிறோம். ஒரு பிள்ளை மடியிலும் ஒன்று முந்தானையிலுமாக அவள் தவிக்க, வக்து கழிந்துவிடுகிறது. தொழுகை அவளுக்கும் பர்ளு அல்லவா? ஜமாஅத் முடிந்து வந்ததும் இரண்டு பிள்ளைகளையும் வாங்கிக்கொண்டு, “நீ போய்த் தொழு” என்று சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும். வீட்டிலுள்ள நன்னிமார்களும் மதினிமார்களும் அவளுக்குத் தொழுகைக்கென்று சுத்தமான ஓர் உடையைத் தனியே எடுத்து வைக்க உதவலாம். குழந்தை சிறுநீர் கழித்த சேலையைக் காரணமாக்கித் தொழுகையைத் தள்ளிப்போடும் நிலை அப்போது வராது.

நம் மடியில் வளரும் மழலைகளை ஸாலிஹான பிள்ளைகளாக்கி, அவர்களைச் சுமப்பதில் தாய்க்குத் தந்தை துணைநிற்கும் வீடுகளாக நம் வீடுகளை வல்ல ரஹ்மான் ஆக்கியருள்வானாக! ஆமீன்.