ஆறாத மணி

ஒரு கண்ணாடி மணி உடைந்ததைப் பற்றி எழுதுவதில் எனக்குச் சிறிது கூச்சம்தான். உடைத்தவன் நான் என்பதால் எழுதுகிறேன். அது உடைந்தது கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் பக்கத்தில், ஆறு மாதக் குழந்தை ஒன்றின் மணிக்கட்டில். நான் அப்போது கீழே கள்ளக்குறிச்சியில் தூங்கிக்கொண்டோ, யாரையாவது குறை சொல்லிக்கொண்டோ இருந்திருப்பேன்.

வீட்டுப் பின்கட்டில் தீச்செங்கல்லால் ஒரு சிறிய உலை வைத்திருக்கிறேன். மண் பூசிய இரும்புக் கம்பியில், தீநாக்கின்மேல், பாகாக இளகிய கண்ணாடியைச் சுற்றினால் மணியாகிவிடும். அதில் பெரிய வித்தையில்லை. அடுத்து வரும் ஆற வைத்தல்தான் காரியம். வெளிப்புறம் முதலில் இறுகிவிடுகிறது. உள்ளே இன்னும் இளக்கம். பிறகு உள்ளே இருப்பது சுருங்க முயலும்போது, ஏற்கனவே இறுகிவிட்ட வெளி அதற்கு இடம் கொடுப்பதில்லை. அந்த இழுபறி அப்படியே உறைந்துபோகிறது. அதனால் மணியை 510 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் சிறிது நேரம் நிறுத்தி வைத்து, இழுபறி தளர்ந்த பின், மிக மெதுவாக இறக்க வேண்டும். மொத்தத்தில் ஓர் இரவு.

அந்த இரவை நான் கொடுக்கவில்லை. காலையில் கச்சிராயபாளையம் வழியாக மலையேறும் முதல் பேருந்து மனதில் இருந்தது. உலையை அப்போதே திறந்து மணிகளைச் செங்கல்மேல் வைத்தேன். வெடிக்கவில்லை. வெடிக்காததையே சான்றாக எடுத்துக்கொண்டேன். கொண்டைக்கடலை அளவு கறுப்பு மணி, திருஷ்டிக்கு.

இதை உடனே கவிதைக்குப் பொருத்திவிடும் ஆசை நம்மில் பலருக்கு எழும். அடக்கிக்கொள்வது நல்லது. பொறுமை சிறந்த குணம், அவசரம் தீது என்ற அளவில் இந்த விஷயம் முடிவதில்லை. அரிக்கமேட்டை எடுத்துக்கொள்ளுங்கள், பழைய தென்னாற்காட்டுக்காரர்களுக்கு அது எட்டிப் பார்க்கும் தூரம்தான். 1945-இல் வீலர் அங்கே தோண்டினார். அங்கே செய்த சின்னஞ்சிறு கண்ணாடி மணிகளும் அவற்றின் வகையறாவும் கடல் கடந்து போனவை. கண்ணாடியைக் குழாயாக இழுத்து, துண்டு துண்டாக வெட்டி, சாம்பலோடு மறுபடி சூடாக்கி விளிம்பை மழுக்குகிற அந்த முறை ஆந்திரத்தில் பாப்பாநாயுடுபேட்டையில் இருபதாம் நூற்றாண்டிலும் நடந்தது. அந்த மணிகள் இத்தனை காலம் உடையாமல் கிடப்பதைப் பார்த்து, செய்தவர்களின் நிதானத்தை மெச்சுகிறோம். ஆனால் கடுகுக்குச் சற்றுப் பெரியதான மணியில் உள்ளும் வெளியும் ஏறக்குறைய ஒன்றாகவே ஆறிவிடும். நாம் வழங்கும் பாராட்டில் ஒரு பகுதி மணியின் அளவுக்குப் போக வேண்டியது. பெரிதாகச் செய்ய ஆசைப்படுகிறவனுக்குத்தான் இந்தத் தர்மசங்கடமெல்லாம்.

உள்ளிறுக்கமே குற்றம் என்றும் சொல்ல முடியாது. காரின் பக்கக் கண்ணாடியில் வேண்டுமென்றே சீராக அதை உறைய வைக்கிறார்கள்; அதன் பலமே அதுதான். பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவில், உருகிய கண்ணாடியைத் தண்ணீரில் சொட்டவிட்டு வால்முளைத்த துளிகள் செய்து வேடிக்கை பார்த்தார்கள். தலையைச் சுத்தியலால் அடித்தாலும் தாங்கும். வாலைக் கிள்ளினால் முழுவதும் தூளாகிவிடும். வால் எங்கே இருக்கிறது என்று துளியைக் கையில் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். என் மணிக்கு வால் எங்கே என்று குழந்தையின் தாய்க்குத் தெரியாது.

எனக்கு? இங்கேதான் உறுத்தல். கறுப்பு மணிக்குள் ஒளி புகாது. பார்த்து அறிய வழியில்லை. ஆனால் அதே இரவு அதே அவசரத்தில் எடுத்த நிறமற்ற மணி ஒன்று என் இழுப்பறையில் கிடந்தது. ஒளியை ஒரே திசைக்கு ஒடுக்குகிற தகடுகள் இரண்டைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, நடுவில் அந்த மணியைப் பிடித்தால், இறுக்கம் இருக்கும் இடமெல்லாம் துலங்கும். தகடுகளும் அதே இழுப்பறையில்தான். நான் பார்க்கவில்லை. தெரியாது என்பது வேறு. தெரிந்துகொள்ளாமல் இருக்க வசதி செய்துகொள்வது வேறு. இரண்டாவதை முதலாவதின் பெயரில் நடமாட விடுவதில் படித்தவர்களாகிய நமக்கு நல்ல பயிற்சி உண்டு.

நான்கு மாதம் கழித்துச் சாமை வாங்கப் போனபோது, குழந்தையின் பாட்டி ஒரு துணி முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். பாதி மணி. முகத்தில் சந்தோஷம்.

“புள்ள மேல இருந்த கண்ணையெல்லாம் மணி வாங்கிக்கிச்சு சார். படார்னு ரெண்டாப் போச்சு.”

விளிம்பைத் தொட்டேன். பிளேடு. இன்னொரு பாதி எங்கே என்று கேட்டேன். தேடியும் கிடைக்கவில்லை என்றாள். குழந்தை திண்ணையில் கைவிரல்களைச் சப்பிக்கொண்டிருந்தது. எனக்கு நாக்கு வறண்டது. அவர்களுக்கு வேண்டியதெல்லாம் இன்னொரு மணி, அதேபோல, சக்தியுள்ளதாக.

என் தவற்றுக்கு இப்படி ஒரு மரியாதை. பேசாமல் ஏற்றுக்கொண்டிருக்கலாம். அவர்களுடைய நம்பிக்கையில் தலையிட எனக்கென்ன உரிமை என்று நாகரிகமாக ஒரு நியாயமும் தயாராக வந்தது. அந்த நியாயம் அவ்வளவு சுலபமாக வந்ததாலேயே அதன்மேல் சந்தேகம் விழுந்தது. மௌனத்தால் லாபமடைகிறவன் நான். விரல் சப்புகிறது அந்தக் குழந்தை.

“கண்ணு இல்ல ஆயா. நான் சரியா ஆற விடாம அவசரமா எடுத்துட்டேன். என் தப்பு. புள்ள வாயில போயிருந்தா என்ன ஆயிருக்கும்?”

அவள் முழுவதும் கேட்டாள். அடுப்பில் வெந்ததை இறக்கி வைத்து ஆற்றுகிறவளுக்கு விளக்கம் அதிகம் தேவைப்படவில்லை. பிறகு சொன்னாள்:

“அவசரப்பட்டீங்க, சரி. அன்னிக்கு உங்களுக்கு அந்த அவசரத்தக் குடுத்தது யாரு? அதுவும் கண்ணுதான்.”

பதில் தோன்றவில்லை. நான் ஒப்புக்கொண்ட குற்றத்தை அவள் என் கையிலிருந்து வாங்கி, எல்லாருக்கும் பொதுவான ஓர் இடத்தில் வைத்துவிட்டாள். அது மன்னிப்பா, என் பேச்சை அவள் பொருட்படுத்தவேயில்லையா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. திரும்பும் பேருந்தில் இறக்கி வைத்த மாதிரியும் இருந்தது, ஏமாற்றப்பட்ட மாதிரியும் இருந்தது.

அடுத்த மணியை இரவு முழுக்க உலைக்குள்ளேயே விட்டேன். விடிந்து, வெயில் ஏறி, கையால் தொடும்படி ஆன பிறகே திறந்தேன். அது குழந்தைக்கு வேண்டாம், கன்றுக்குட்டியின் கழுத்துக்கு இருக்கட்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். இந்தத் தடவை, ஒரு பயத்தில், மிளகளவுக்கே செய்திருந்தேன்.

ஆயா உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தாள்.

“இத்துனூண்டா இருக்குதே சார்” என்றாள்.