பிள்ளை யாருக்கு உரியது?

மனித உறவுகளுள் தாய்க்கும் சேய்க்கும் இடையே உள்ள உறவு தனித்தன்மை வாய்ந்தது. நட்பு முதிருந்தோறும் நண்பர்கள் நெருங்கி வருகின்றனர். இல்லறம் முதிருந்தோறும் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் மேலும் சார்ந்து நிற்கின்றனர். தாயன்போ, தன் உடலுக்குள்ளேயே இருந்த ஓர் உயிரைச் சிறிது சிறிதாகத் தன்னிடமிருந்து பிரித்து, அது தனித்து நிற்பதைக் கண்டு நிறைவு கொள்ள வேண்டியிருக்கிறது. பிள்ளை வளர்கிறது என்று மகிழும் நெஞ்சமே, பிள்ளை விலகுகிறது என்று வாடவும் செய்கிறது. நேற்று மடியில் கிடந்த குழந்தை இன்று இல்லை; இன்று மழலை பேசும் குழந்தை நாளை இருக்கப் போவதில்லை. சிறியதாகிப் போன சட்டையை மடித்து வைக்கும் தாயின் கை ஒரு கணம் தயங்குகிறது. அந்தத் தயக்கம் அன்பின்பாற்பட்டதா, தன்னலத்தின்பாற்பட்டதா? பெற்றவள் என்பதனால் பிள்ளை அவளுக்கு உரியது ஆகிவிடுமா? வீடுதோறும் ஓசையின்றி எழும் இவ்வினாக்கள் ஆழ்ந்து எண்ணத்தக்கவை.

தமிழ்ச் சிற்றிலக்கியங்களுள் ஒன்றாகிய பிள்ளைத்தமிழ், இவ்வினாக்களுக்கான விடையைத் தன் அமைப்பிலேயே பொதிந்து வைத்திருக்கிறது. பெரியாழ்வார் தம்மை யசோதையாகப் பாவித்துப் பாடிய மரபு அதற்கு வித்தாக அமைந்தது. 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்கன் மீது பாடினார். 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாட்சியம்மை மீது பாடினார். பாடப் பெறுவோர் அரசராயினும் தெய்வமாயினும், பாடும் புலவர் தாயின் நெஞ்சத்தைத் தமதாக்கிக்கொண்டே பாடுகின்றார். குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுத்துக்கொள்வது இவ்விலக்கியத்தின் இலக்கணம். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என்னும் ஏழும் இருபாலார்க்கும் பொது. ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பனவும், பெண்பாலுக்கு நீராடல், அம்மானை, ஊசல் என்பனவும் எஞ்சிய மூன்றாக வரும்.

இவ்வரிசையை மாணவர் தேர்வுக்காக மனப்பாடம் செய்வதுண்டு. ஆயின், இதில் அடங்கியுள்ள உண்மையை உணர்ந்து கற்போர் சிலரே. காப்புப் பருவத்தில் குழந்தைக்குத் தன்னைக் காத்துக்கொள்ளும் ஆற்றல் சிறிதும் இல்லை; தாய் தெய்வங்களையெல்லாம் அழைத்துக் காவல் வைக்கின்றாள். செங்கீரையில் அது கைகளை ஊன்றித் தலை நிமிர்த்துகிறது. சப்பாணியில் அமர்ந்து கைகொட்டுகிறது. ஓராண்டு நிரம்பும் காலத்தில் வாரானை வருகிறது. தளர்நடை நடக்கும் குழந்தையைத் தாய் ‘வருக’ என்று அழைக்கின்றாள். இவ்விடத்தில் சற்று நின்று நோக்க வேண்டும். மடியில் கிடக்கும் குழந்தையை எவரும் ‘வருக’ என்று அழைப்பதில்லை. விலகிச் செல்லும் கால்கள் அதற்கு வாய்த்த பின்னரே அச்சொல் பிறக்கிறது. போக இயலாத ஒருவர் அருகில் இருப்பதில் அன்புக்கு வெற்றி ஏதுமில்லை. போக இயன்றவர் அழைப்பைக் கேட்டுத் தாமே வருவதில்தான் அன்பு மெய்ப்பிக்கப்படுகிறது. இழுத்து வருவதற்குக் கயிறு போதும். அழைப்பதற்கோ அன்பு வேண்டும்.

வாரானையை அடுத்து வருவது அம்புலி. தன் குழந்தையோடு விளையாட வருமாறு தாய் நிலவை வேண்டுகின்றாள். தானே முழு உலகமாக இருந்த நிலையை விட்டு, குழந்தைக்கு இன்னொரு துணையைத் தேடித் தரும் பருவம் இது. பிள்ளையின் நெஞ்சில் தனக்கு மட்டுமே இடம் வேண்டும் என்று கருதும் தாய் அம்புலியைப் பாட மாட்டாள். இங்ஙனம் நோக்கின், பத்துப் பருவங்களும் பத்துப் பிரிவுகளாகவே தோன்றும். ஒவ்வொரு பருவத்திலும் தாய் ஒரு பிடியைத் தளர்த்துகின்றாள். தளர்த்தியதற்காகவே பாடி மகிழ்கின்றாள்.

ஆயினும், இவ்வாறு பருவந்தோறும் அருகிருந்து பார்த்து மகிழும் பேறு எல்லாத் தாய்மார்க்கும் கிட்டவில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கின் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்த் தாய்மாரின் வரலாறு இதற்குச் சான்று. வெயில் ஏறுவதற்கு முன் வெட்டினால்தான் மரத்தில் பால் நன்கு சுரக்கும். ஆகவே, பொழுது புலருமுன் பிரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். உறக்கம் கலையாத குழந்தையை இருளிலேயே தூக்கிச் சென்று ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, தாய் வெட்டுக்காட்டுக்கு நடந்தாள். மரத்தின் பால் அவளுக்காகக் காத்திராது; அவளுடைய பாலுக்காகக் குழந்தைதான் காத்திருந்தது. குழந்தை முதன்முதலாக எழுந்து நின்றதையும் அடி எடுத்து வைத்ததையும் கொட்டகை ஆயாவே கண்டிருக்கக்கூடும். தாய்க்கு அது செய்தியாகவே வந்து சேர்ந்தது.

பிரிவைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமைகூட இல்லாத அத்தாய், தன் பிள்ளையைப் பற்றி என்ன எண்ணினாள்? தன் பிள்ளை தன்னைப் போல் ஆகிவிடக் கூடாது என்று எண்ணினாள். வெட்டுக்கத்தி தன் கையோடு நிற்கட்டும். பிள்ளையின் கைக்கு எழுதுகோல் வரட்டும் என்று விரும்பினாள். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டும் என்று விதித்தது. பெயரளவில் நடந்த பள்ளிகள் பல. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மூண்ட வேலைநிறுத்தத்தை இவ்விடத்தில் நினைவு கூர்தல் தகும். ஆர். எச். நாதன் முன்னின்று நடத்திய அப்போராட்டத்தின் கோரிக்கைகளுள் ஊதிய உயர்வோடு, பெண் தொழிலாளர்க்குப் பாதுகாப்பும், பிள்ளைகளுக்கு முறையான கல்வியும் இடம்பெற்றிருந்தன. போராட்டம் படைபலத்தால் ஒடுக்கப்பட்டது, உயிர்கள் பலியாயின, நாதன் நாடு கடத்தப்பட்டார். ஆயினும், பிள்ளைகளின் கல்வியைக் கூலியோடு சேர்த்துக் கேட்ட அந்தக் கோரிக்கை மறக்கத்தக்கதன்று.

அக்கோரிக்கையின் அறப்பொருளை எண்ணிப் பார்த்தல் நன்று. கல்வி பெற்ற பிள்ளை லயத்து வீட்டில் தங்காது என்பதைத் தாய் அறிந்தே இருந்தாள். எனினும் அக்கல்வியை விரும்பினாள். அதாவது, தன்னை விட்டுச் செல்வதற்கான வழியைத் தானே பிள்ளைக்குத் திறந்து வைக்க முற்பட்டாள். பிள்ளைத்தமிழ்ப் புலவர் பாட்டில் உணர்த்தியதை அவள் வாழ்க்கையில் செய்து காட்டினாள்.

இக்காலத்தில் காட்சி மாறியுள்ளது. ரப்பர் மரங்கள் நின்ற மண்ணில் 1950களில் பெட்டாலிங் ஜெயா வளர்ந்தது. 1978இல் சிலாங்கூரின் தலைநகரான ஷா ஆலமும் பழைய தோட்ட நிலத்தில் எழுந்ததே. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே பணிமனைகள் இருந்த பரப்பில் 2001இல் கே.எல். சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. கிள்ளானிலிருந்து மின்தொடர் வண்டியில் அந்நிலையத்தில் வந்து இறங்கும் இளந்தாய், விடியற்பொழுதிலேயே தன் குழந்தையைப் பராமரிப்பு நிலையத்தில் விட்டு வந்திருக்கின்றாள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் அளித்த அறுபது நாள் மகப்பேற்று விடுப்பு, 2023 சனவரி முதல் 98 நாளாக உயர்ந்துள்ளது. நாள்கள் கூடின, 99ஆம் நாளின் பிரிவுத் துயர் மட்டும் பாட்டியின் காலத்தில் இருந்தது போன்றே இருக்கிறது.

இத்தாய்க்கு இன்னொரு சோதனையும் உண்டு. பிள்ளைக்கு ஏழாம் வயது வருகையில், தமிழ்ப்பள்ளியா தேசியப்பள்ளியா என்று அவள் முடிவு செய்ய வேண்டும். தேர்ந்தெடுக்கும் பக்குவம் பிள்ளைக்கு இல்லை. அதன் பொருட்டுப் பெற்றோரே தேர்கின்றனர். பிறர்க்காகத் தேர்ந்தெடுப்பவர் கொள்ள வேண்டிய நெறி ஒன்றுண்டு: பின்னாளில் அவர் திரும்பி வர விரும்பினால், வழி அடைபடாமல் இருக்க வேண்டும். மலாய்மொழியையும் ஆங்கிலத்தையும் பிள்ளை பள்ளியிலும் தெருவிலும் பணியிடத்திலும் கற்றே தீரும். தாய்மொழியையோ இளமையில் இழந்துவிட்டால், முதுமையில் தேடிப் பெறுதல் அரிது. ஆகவே, தமிழைக் கற்பித்தல் பிள்ளையைக் கட்டி வைப்பதாகாது. திரும்பி வரும் வழியைத் திறந்து வைப்பதே ஆகும். வேறு பள்ளியைத் தேர்ந்த தாய்க்கும் இக்கடமை நீங்கிவிடுவதில்லை. வீட்டில் அவள் பேசும் தமிழே அவ்வழியைக் காக்கும்.

எனினும், பிள்ளை வேற்றுமொழியில் மறுமொழி கூறும் நாள் வரும். தாயின் மலாய் உச்சரிப்பைத் திருத்தும் நாளும், தோழர் முன்னிலையில் அவளுடைய பேச்சுக்கு நாணும் நாளும் வரக்கூடும். அப்போது ‘பெற்று வளர்த்த கடனுக்கு இதுவா கைம்மாறு?’ என்னும் கேள்வி அவள் நாவின் நுனி வரை வருகிறது. பெற்ற தாய்க்குப் பிள்ளை கடன்பட்டதன்றோ என்று வினவலாம். கடன்பட்டதே, அதில் ஐயமில்லை. அக்கடனைப் பிள்ளை தானே உணர்ந்து ஆற்றும்போது அது அறமாகிறது. தாய் கணக்கு வைத்துக் கேட்கும்போதோ அது வாணிகமாகிவிடுகிறது. ஒரே செயல், உணர்பவர் பக்கம் நின்றால் நன்றி. வற்புறுத்துபவர் பக்கம் நின்றால் வட்டி. ஆதலால், நன்றியைக் கற்பிக்க வேண்டியவர் தாய் அல்லர். அப்பொறுப்பு தந்தைக்கும் ஆசிரியர்க்கும் உரியது. தாயின் உழைப்பைப் பிள்ளைக்குச் சொல்லும் வகுப்பறை, தாய் தன் வாயால் கேட்க முடியாத ஒன்றை அவளுக்குப் பெற்றுத் தருகிறது. தோட்டத்துப் பாட்டிமாரின் கதை பாடவேளையில் ஒலிக்க வேண்டியதன் தேவை இதுவே.

பிடியைத் தளர்த்துவதே அன்பாயின், கண்டிப்பும் காவலும் வேண்டாவோ என்று ஐயுறலாம். பிள்ளைத்தமிழ் காப்பில்தான் தொடங்குகிறது என்பதை மறத்தல் கூடாது. காக்க வேண்டிய பருவத்தில் கைவிடுவது குற்றம். நடக்கக் கற்ற பிள்ளையை இடுப்பிலேயே வைத்திருப்பதும் குற்றமே. வேலையின் அயர்ச்சியால் மூன்று வயதுக் குழந்தையின் கையில் கைப்பேசியைக் கொடுத்து ஒதுக்கிவிடுவது முதல் வகையைச் சாரும். பதினேழு வயது மகனுக்கு எந்தத் துறை உகந்தது என்பதை அவனைக் கேளாமலே முடிவு செய்வது இரண்டாம் வகையைச் சாரும். இரண்டிலும் பிள்ளையின் பருவம் பார்க்கப்படவில்லை. பெற்றோரின் வசதியோ அச்சமோதான் பார்க்கப்படுகிறது. பருவம் அறிந்து பற்றுதலும் பருவம் அறிந்து விடுதலுமே தாய்மையின் கல்வி. குழந்தை பிறக்கும் நாளில் தாயும் ஒரு மாணவியாகவே பிறக்கின்றாள். அவளுக்கும் தடுமாற்றம் உண்டு, தளர்நடை உண்டு.

ஆகவே, பிள்ளை யாருக்கு உரியது என்னும் வினாவுக்கு, எவர்க்கும் உடைமையன்று என்பதே விடையாகும். உடைமை அன்று என்பதனால் உறவு குறைந்துவிடுவதில்லை. சிறிய சட்டையை மடிக்கும் கையின் தயக்கத்தில் தன்னலம் சிறிது கலந்திருக்கலாம். அது மனித இயல்பு. அக்கையே அடுத்த கணம் பெரிய சட்டையை எடுத்து வைக்கிறது என்பதில்தான் அன்பின் வெற்றி இருக்கிறது.

ஆண்பாற் பிள்ளைத்தமிழ் சிறுதேர்ப் பருவத்தோடு நிறைவு பெறும். குழந்தை தன் சிறுதேரைத் தானே உருட்டிச் செல்லத் தொடங்கியதும் புலவர் பாட்டை முடித்துவிடுகின்றார். அத்தேர் எத்தெரு வழியே செல்லும் என்று அவர் பாடுவதில்லை. அதற்கு மேல் உள்ளது பிள்ளையின் வாழ்க்கை. ‘வருக’ என்னும் அழைப்பை அதன் செவியில் நிறைத்து அனுப்புவதோடு தாயின் பணி நிறைவுறுகிறது. அவ்வழைப்பைக் கேட்டுத் திரும்பி வருவது பிள்ளையின் பண்பு.