கிழிக்கப்பட்ட சீட்டு

வளரும் பிள்ளைகளுக்குப் பொறுப்புணர்வை ஊட்ட விரும்பும் பெற்றோர் பலர், தண்டிப்பதா மன்னிப்பதா என்ற இடத்திலேயே நின்றுவிடுகின்றனர்.

ராஜ்கோட்டில் கரம்சந்த் காந்தி நோயுற்றுப் படுக்கையில் இருந்த சமயம். 15 வயது மகன் மோகன்தாஸ் அவரிடம் ஒரு சீட்டை நீட்டினான். அண்ணனின் 25 ரூபாய்க் கடனைத் தீர்க்க, அண்ணனது தங்கக் காப்பிலிருந்தே ஒரு துண்டை அவன் வெட்டியெடுத்திருந்தான். கடன் தீர்ந்தது, மனச்சுமை தீரவில்லை. சீட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, தக்க தண்டனையும் கேட்டிருந்தான். இனித் திருடுவதில்லை என்று உறுதியும் அளித்திருந்தான். அடிக்கு அஞ்சியல்ல. தந்தை தங்களை அடித்ததாக நினைவே இல்லை என்று ‘சத்திய சோதனை’யில் அவரே எழுதுகிறார். அவன் அஞ்சியது தந்தை அடையப்போகும் வேதனைக்கு.

கரம்சந்த் எழுந்து அமர்ந்து படித்தார். கண்ணீர் வழிந்து காகிதத்தை நனைத்தது. சற்றுநேரம் கண்களை மூடிச் சிந்தித்தார். பின்னர் சீட்டைக் கிழித்துவிட்டு மீண்டும் படுத்துக்கொண்டார்.

கண்ணீரைத் திட்டமிட்டு வரவழைக்க முடியாது; வரவழைத்தால் பிள்ளைகள் எளிதில் கண்டுகொள்வார்கள். கவனிக்க வேண்டியது வேறு. தந்தை தண்டித்திருந்தால் அன்றே கணக்கு முடிந்திருக்கும். தண்டனை கிடைக்காததால், கொடுத்த வாக்கைக் காக்கும் பொறுப்பு முழுவதும் மகனிடமே தங்கிவிட்டது.

ஆனால் அந்தச் சீட்டு, அடித்துப் பழகாத கைக்குத்தான் வந்து சேர்ந்தது. மதிப்பெண் பட்டியலை மறைத்த மகனை ‘ஏன் மறைத்தாய்?’ என்று கேட்குமுன், முன்பொரு நாள் உண்மையைச் சொன்னபோது அவனுக்கு என்ன கிடைத்தது என்பதைப் பெற்றோர் நினைத்துப் பார்க்கலாம்.