எந்த வாசல்?

வடலூரில் 1867இல் வள்ளலார் தொடங்கிய தருமச்சாலையில் இன்றும் சாதி, மதம் கேட்காமல் சோறு போடுகிறார்கள். பக்கத்திலேயே 1872இல் திறந்த எண்கோணச் சத்திய ஞான சபை. அங்கே புலால் உண்பவர் உள்ளே போகக்கூடாது. வெளியே நின்று வழிபடலாம். ஒரே அருளாளர், இரண்டு வாசல்கள்.

எங்கள் ஊர் இளைஞர் மையத்துக்கு வரைபடம் போடும்போது இதுவே என் மனதில் ஓடுகிறது. ‘ஒழுக்கமான பிள்ளைகளுக்கு மட்டும்’ என்று விதி எழுதச் சொன்னார் குழுவில் ஒரு பெரியவர். நான் ஒப்பவில்லை. வழிபாட்டுக்கு நெறி இருக்கலாம், பசிக்கு இருக்கக்கூடாது என்றே வள்ளலாரை நான் புரிந்துகொள்கிறேன். பதினாறு வயதில் தனிமையும் பசிதான். உருப்படமாட்டான் என்று ஊர் கைவிட்ட பையனுக்குத்தான் மாலையில் போக்கிடம் இல்லை.

அதனால் ஒரே முன்வாசல். சாய்தளமும் அங்கேதான், ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம். இடம் வீணாகிறதென்று அதைப் பின்பக்கம் தள்ளச் சொல்கிறார்கள். சக்கர நாற்காலியில் வரும் பெண் குப்பைத்தொட்டியைத் தாண்டித்தான் உள்ளே வரவேண்டுமா?

கடினமான கேள்வி வேறு. கையில் சாதிக் கயிறு கட்டி வருகிறவனை என்ன செய்வது? பள்ளிகளில் அதைத் தடுக்க வேண்டும் என்று நீதிபதி சந்துரு குழு 2024இல் பரிந்துரைத்தது, அது சரி. ஆனால் இங்கே அவனை வாசலில் நிறுத்தினால், கயிறு கட்டிவிட்டவர்களிடமே திரும்பிப் போவான். உள்ளே வரட்டும் என்கிறேன். கேரம் பலகையில் எதிரே உட்காருபவனை அவன் தேர்ந்தெடுக்க முடியாது: அது ஒன்றுதான் விதி.