எய்யாத அம்பு

கிரானுக்கு மேற்கே குடும்பிமலைப் பக்கத்துக் காடுகளில் மான்கள் உண்டு. மான் வேட்டை இன்று நம் நாட்டில் சட்டப்படி குற்றம். ஆயினும், முன்னாளில் வில்லேந்தி வாழ்ந்த வேடர் வழக்கில் ஓர் அறக்கேள்வி அடங்கியிருக்கிறது. குறி தப்பாத வில்லாளி, மான் எப்படி நின்றாலும் எய்யலாமா?

துவக்குக் குண்டைப் போல அம்பு அதிர்ச்சியால் வீழ்த்துவதில்லை. அதன் அகன்ற அலகு இரத்தக் குழாய்களை அறுத்தே கொல்கிறது. மான் பக்கவாட்டில் நின்றால் அலகு விலா எலும்புகளினூடே நுரையீரலை எட்டும். முதுகு காட்டி மிகச் சாய்வாக நின்றாலோ முதலில் குடலைக் கிழிக்கக்கூடும். முன்புறம் சாய்ந்து நின்றால் தோள் எலும்பில் முட்டக்கூடும். அவ்வாறு காயப்பட்ட மான் பற்றைக்குள் ஓடி மறைந்து, மணிக்கணக்காக வதைபட்டுச் சாகும்.

நல்ல அலகு செய்து சோதித்துப் பார்த்தால் போதாதா என்பர் சிலர். களிமண்ணிலும் வைக்கோலிலும் சோதிக்கலாம். ஆனால் களிமண் அசைவதில்லை, மான் அசையும். எஞ்சிய ஐயத்தை உயிருள்ள உடலில் தீர்த்துக்கொள்வது சோதனையன்று. நம் அறியாமைக்குப் பிறிதோர் உயிரை விலை கொடுக்கச் செய்வதாகும்.

1911 இல் வேடரைப் பற்றி நூல் வெளியிட்ட செலிக்மன் தம்பதியர், அவர்கள் விலங்கை மிக அண்மித்தே எய்வதைக் குறித்துள்ளனர். பசித்தவனே பொறுத்திருந்தான் அன்றோ? பசி எய்வதற்குக் காரணமாகலாம், அவசரத்துக்குக் காரணமாகாது. வில்லாளியின் திறமை விட்ட அம்பில் தெரியும்; அவனது அறமோ விடாத அம்பில் தெரியும்.